மடிப் பை

மார்த்தாண்டம் – வடசேரி, காலை ஏழு நாற்பது.
நூற்றுப் பதினேழு நாள் அதே பஸ்.
குறிப்பேட்டில் எழுதுவது இவ்வளவுதான்:
நிற்பவர் யார், உட்கார்ந்தவர் யார்,
யாருடைய பை யார் மடிக்குப் போனது,
எந்த நிறுத்தத்தில் திரும்பியது.

முக்கால்வாசிப் பேர் கேட்டு வாங்குவதில்லை.
கை நீளும், அவ்வளவுதான்.
சில நாள் ஒரு குரல், "இஞ்ச தா பிள்ளே."
முகம் ஜன்னல் பக்கமே இருக்கும்.
(ஜன்னல் பக்கம் திரும்பிய முகத்துக்கு
ஐந்தாவது வாரம் தனிக் கட்டம் போட்டேன்.)

மூன்றாம் மாடி ஆய்வகத்தில் டாக்டர் ஹெப்சிபா கேட்டார்:
"பை வாங்குவதில் உன் முகவருக்கு என்ன கிடைக்கிறது?"
பைக்கு ஒரு புள்ளி என்று வைத்தேன்.
ஆயிரம் முகவர்கள் ஒரே ராத்திரியில் தேறினார்கள்.
படியில் கால் வைக்கும் முன்பே
பையைப் பிடுங்கினார்கள்.
ஒருவன் மடியில் நாற்பத்தொரு பை.
புள்ளியைக் குறைத்தேன்.
ஒரு கையும் நீளவில்லை.
ஆயிரம் பேரும் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்,
நான் வரையவே வரையாத ஜன்னலைப் பார்த்தபடி.

மார்ச்சில் ஒருவழியாகச் சரிவந்தது.
கை நீண்டது. பை ஏறியது.
தக்கலை வந்ததும்
மடிக்காரர்கள் பையோடு இறங்கிப் போனார்கள்,
வரிசையாக,
கள்ளத்தனம் துளியும் இல்லாமல்.
அனீஸ் சிரித்த சிரிப்பில் டீ கீபோர்டில் கொட்டியது.
"திருப்பிக் குடுக்கணும்னு நீ எழுதவே இல்லியே!"
எழுதவில்லை.
எனக்கும் அதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

நூற்றுப் பதினெட்டாம் நாள் மழை.
மூன்று வருட வேலையும் லேப்டாப்பில்,
லேப்டாப் பையில்,
பை, ரப்பர்பால் கறை படிந்த சட்டைக்காரர் ஒருவரின் மடியில்.
அழகியமண்டபத்தில் ஏறிய கூட்டம்
என்னை முன்னால் தள்ளிக்கொண்டு போனது.
தக்கலையில் கறைச் சட்டை இறங்கியது.
கைகளை மட்டும் பார்த்தேன்.
ஒரு கையில் குடை.
மற்றதில் ஒன்றுமில்லை.

புலியூர்குறிச்சி முதல் வில்லுக்குறி வரை
குறிப்பேட்டில் ஒரு வரியும் கிடையாது.
பஸ்ஸில் எப்படியும் எண்பது பேர்.
பை திரும்பாமல் போக நான் வைத்திருந்த நிகழ்தகவு
ஆயிரத்தில் நான்கு.
சின்ன எண் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.
கம்பியைப் பிடித்த கை வியர்த்து வழுக்கியது.
கேட்டிருக்கலாம், ஒரு சத்தம் போட்டு.
கேட்கவில்லை.
கேட்டால் அத்தனை பேரையும்
சந்தேகப்பட்டது போல ஆகிவிடும் என்று
(இதற்கும் கட்டம் கிடையாது).

வடசேரியில் எல்லோருக்கும் முன்னால் குதித்து
வாசலை மறித்து நின்றேன்.
கடைசிக்கு முன்னால் இறங்கினான் ஒரு பள்ளிக்கூடப் பையன்,
என் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.
"இது யாருக்க பை? எழுதிட்டே நிக்கப்பட்ட அக்காக்க பையா?"

யார் சொன்னது?
சுங்கான்கடையில் இறங்கிய நர்ஸக்கா.
அவளுக்கு?
தக்கலையில் இறங்கிய மாமன்.
இரண்டு மடி தாண்டி வந்திருக்கிறது பை,
கூடவே, பெயர் தெரியாத என்னைப் பற்றி ஒரு வாக்கியம்.
நூற்றுப் பதினேழு நாளாக
அவர்களும் என்னைக் குறித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றைய வரிசையில் இப்படி எழுதினேன்:
பங்கேற்றவர் ஆய்வாளரே என்பதால் தரவு நீக்கப்பட்டது.
டாக்டர் ஹெப்சிபா வாசித்துவிட்டு
நீக்கப்பட்டது என்ற சொல்லை மட்டும் பென்சிலால் வட்டமிட்டார்.
ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பையனுக்கு நன்றி சொல்லவும் முடியவில்லை.
பையை என் கையில் திணித்தவன்
சட்டெனத் தோளைத் தொட்டுப் பார்த்து
பணிமனைக்குத் திரும்பிய பஸ்ஸின் பின்னால்
கத்திக்கொண்டே ஓடினான்.
அவன் பை உள்ளே இருந்தது,
யார் மடியிலிருந்தோ காலி சீட்டுக்கு மாறி.